காதில் சொல்ல வேண்டியது

சாய்ந்தமருது
12.06.2009

மருதமுனையில் வசிக்கும் தாதி உத்தியோகத்தர் நபீலா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடந்த மே மாதம் 22ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகையின்போது பள்ளிவாசலில் மயங்கி விழுந்த எனது தந்தை மர்ஹூம் மீராமுகைதீன் அவர்களைத் தாங்கள் கடமையாற்றும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்த வேளையில், தந்தையின் மரணச் செய்தி கேட்டு உணர்ச்சிவசப்பட்ட நிலையில் என்னால் நிகழ்ந்த விரும்பத்தகாத சம்பவத்தினால் தங்களுக்கு ஏற்பட்ட மனவேதனைக்கு எனது ஆழ்ந்த கவலையைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர்களும் கூடி எடுத்த முடிவின்படி இக்கடிதத்தை எழுதுகிறேன். தாங்கள் இதனை ஏற்றுக் கையொப்பமிட்டால், ஓகஸ்ட் மாத நீதிமன்றத் தவணையில் வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்ளலாம் எனச் சட்டத்தரணி கூறுகிறார். வழக்கு முடியும்வரை எனது பஸ் சாரதி வேலை இடைநிறுத்தப்பட்டுள்ளது என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மீ. சாலிஹ்


மருதமுனை
20.06.2009

சாலிஹ் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாம் சொல்வது சுன்னத்து, விரும்பிச் செய்கிற நபிவழி; பதில் சொல்வது கடமை. கடமை என்பதற்காகச் சொல்கிறேன். வேறு எந்த மரியாதையும் இந்தக் கடிதத்தில் இருக்காது.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். யார் எழுதித் தந்தது? லோயரா, பள்ளிவாசல் செயலாளரா? "என்னால் நிகழ்ந்த விரும்பத்தகாத சம்பவம்." மழை பெய்ததா, மரம் விழுந்ததா? அடித்தேன் என்று எழுத உங்கள் பேனாவுக்கு என்ன வருத்தம்? கைக்கு இருந்த தைரியம் பேனாவுக்கு இல்லையா?

அடித்தீர்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த எனக்கு, வலது கையை ஓங்கி, இடது கன்னமும் காதும் சேர்த்து அடித்தீர்கள். நான் ஒட்சிசன் சிலிண்டர் வண்டியின் மேல் போய் விழுந்தேன். செவிப்பறை கிழிந்துபோனது. கண்டியில் காது டொக்டரிடம் காட்டினோம், போனது முழுக்கத் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் என் இடது பக்கம் இருந்து ஒருவர் கதைத்தால் இப்போது எனக்கு வாய் அசைவதுதான் தெரிகிறது. இதற்குப் பேர் மனவேதனையாம்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. மரணச் செய்தி கேட்டு அடித்தீர்களாம். எந்த மரணச் செய்தி? நான் ஒரு செய்தியும் சொல்லவில்லை. "உங்கட வாப்பாக்கு" என்று தொடங்கினேன், அவ்வளவுதான். அதற்குள் அடி விழுந்துவிட்டது. நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கிற பொறுமைகூட உங்களுக்கு இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய வெட்கம், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த அத்தனை ஆம்பிளைகளும் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக அந்த வாசல் நிறைய நின்றதுதான். ஒருவராவது உங்கள் கையைப் பிடித்தாரா? நான் கீழே கிடக்கும்போதுதான் ஒரு பெரியவர், "விடு மனே, பொம்பிளப் புள்ள" என்றார். அடி விழுமட்டும் நான் பொம்பிளைப் பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "அடிக்கிற கைதான் அணைக்கும், பெரிசு படுத்தாதீங்க" என்று பேசிவிட்டுப் போனார். என்னை அடித்த கை என்னை அணைக்கத் தேவையில்லை. அது தன் மடியில் கிடந்தால் போதும்.

நான் கையொப்பமிட மாட்டேன். வழக்கு நடக்கட்டும். உங்களுக்கு வேலை போனால் போகட்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் சொந்தக் கையால், உங்கள் சொந்த வாயில் வருகிறதை எழுதுங்கள்.

நபீலா


சாய்ந்தமருது
29.06.2009

நபீலா மிஸ்ஸுக்கு,

ஸலாம்.

சரி. என் கையாலேயே எழுதுகிறேன். முதல் கடிதம் லோயர் சொல்லச் சொல்ல எழுதியது. அதில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

நான் உங்களுக்கு அடித்தேன். ஜும்ஆ தொழுத கையால் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு அடித்தேன். அது ஹராம். என் வாழ்நாளில் என் மனைவிக்குக்கூட நான் கை நீட்டியதில்லை. உங்கள் காது இப்படி ஆகிவிட்டது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். பொலிஸில் "சிறு காயம்" என்று எழுதியிருந்தார்கள், நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நானும் உங்களைக் கேட்பேன். என் கோபம் மட்டும் வானத்தில் இருந்து விழுந்ததா?

வாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது நான். அவர் தலை என் தோளில் இருந்தது. மூச்சு இருந்தது, நான் கேட்டேன். உங்கள் உதவியாளர் மீராசா அவரை என்னிடமிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டான். தட்டினேன். "அங்கால போங்க" என்றான். நான் கேட்டது ஒன்றே ஒன்று, வாப்பாவின் காதில் கலிமா சொல்லிக் கொடுக்க என்னை விடுங்கள் என்று. போகிற உயிருக்குக் கடைசியாகக் கேட்க வேண்டிய சொல் அது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூத்த மகன் நான். தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டியவன் நான். கதவுக்கு வெளியே நாய் மாதிரி நின்றேன்.

சுனாமி அன்று என் உம்மாவையும் என் சின்ன மகளையும் கடல் கொண்டுபோனது. மகள் கிடைக்கவே இல்லை. உம்மாவைக் கிடங்கு வெட்டி எல்லோரோடும் சேர்த்து அடக்கிவிட்டார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவர்களுடைய கடைசி நேரத்தில் காதில் கலிமா சொல்ல ஒரு மனிசனும் இருக்கவில்லை, தண்ணீர்தான் இருந்தது. அன்றைக்கே நிய்யத்து வைத்தேன், வாப்பாவுக்காவது என் வாயால் சொல்லுவேன் என்று. அதைத்தான் உங்கள் கதவு பறித்தது.

மீராசா விளங்காதவன் என்று விடலாம். டொக்டர் சிங்களவர், அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நீங்கள் முஸ்லிமான பிள்ளை. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். கெஞ்ச மாட்டேன்.

சாலிஹ்


மருதமுனை
10.07.2009

சாலிஹ் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் உம்மாவுக்கும் மகளுக்கும் அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுப்பான். அதை மனதாரச் சொல்கிறேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏனென்றால், இந்தக் கரையில் கடல் யார் வீட்டுக்கு வரவில்லை? எங்கள் வீட்டில் என் தம்பி போனான். அன்று நான் டியூட்டியில் இருந்தேன். வராந்தா முழுக்க மையித்து. ஒவ்வொன்றாகத் தாடையைக் கட்டி, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டி, துணியால் மூடிக்கொண்டே போனேன், எந்தத் துணிக்குக் கீழே தம்பி இருக்கிறான் என்று தெரியாமல். அதற்காக நான் யாருக்குப் போய் அடிப்பது? சொல்லுங்கள். கடல் அடித்ததற்கு நேர்ஸுக்கு அடிப்பது என்று தொடங்கினால் இந்த ஊரில் ஒரு நேர்ஸுக்கும் காது மிஞ்சாது.

கதவு பற்றி. அன்று அந்தப் பிரிவில் இரண்டு நேர்ஸ்தான். மற்றவர்களை வவுனியாவுக்கு, அகதி முகாம்களில் வேலை செய்யக் கொண்டுபோய்விட்டார்கள். யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்களே, அந்தக் கிழமை. உள்ளே இன்னும் நான்கு நோயாளிகள். உறவினரை வெளியே நிறுத்துவது என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கம். நான் போட்ட சட்டமல்ல. உங்களுக்குக் கதவு திறந்திருந்தால் உங்களோடு வந்த ஊர் முழுக்க உள்ளே வந்திருக்கும்.

இப்போது ஒரு பகிடி சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் அடித்தபடியால் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கொழும்பில் இருந்து ஒருவர் வந்தார். கோபமாக வருகிற ஆளுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாதாம், பக்கவாட்டில் நிற்க வேண்டுமாம். கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டுமாம். வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். ஆளின் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். அவர் சத்தம் கூடக்கூட எங்கள் சத்தம் குறைய வேண்டுமாம். "அமைதியாக இருங்க" என்று மட்டும் சொல்லவே கூடாதாம். எல்லாம் சொல்லிவிட்டு என்னை எழுப்பி, எல்லோருக்கும் முன்னால், "அவர் அடிப்பதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அடித்தவன் பிணையில் வீட்டில் இருக்கிறான், அடி வாங்கியவளை வகுப்பில் எழுப்பி விசாரிக்கிறார்கள். எப்படி நிற்பது, எங்கே கை வைப்பது, எப்படிக் கதைப்பது என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். உங்களுக்கு யார் படிப்பிப்பது? பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமையாவது குத்பாப் பிரசங்கத்தில் சொன்னார்களா, ஆஸ்பத்திரியில் நேர்ஸுக்கு அடிக்காதீர்கள் என்று? நான் அந்த மனிசனிடம், "நான் ஒண்டும் செய்யல்ல சேர், கதவத் திறந்தன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து என்னைக் காயத்துக்கு மருந்து கட்டுகிற அறையில் போட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவு வாசலில் ஆம்பிளைகளின் சத்தம் கேட்டால் நான் மற்ற வழியால் சுற்றிப் போகிறேன். பத்து வருடம் வேலை செய்த இடம் அது. உம்மா வேலையை விடு என்கிறா. விட மாட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். பயிற்சிக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, அடித்தவனிடம்தான் கேட்க வேண்டும். அன்று யார் என்ன சொல்லியிருந்தால், என்ன செய்திருந்தால் உங்கள் கை எழும்பியிருக்காது? நேர்மையாகப் பதில் எழுதுங்கள். கையெழுத்துக்காக இனிப்புப் பூச வேண்டாம்.

நபீலா


சாய்ந்தமருது
19.07.2009

நபீலா மிஸ்ஸுக்கு,

ஸலாம்.

உங்கள் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் உம்மாவின் கதையை உங்களிடம் நியாயமாகக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

உங்கள் கேள்வியை ஒரு கிழமையாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

மட்டக்களப்பு பஸ் களுவாஞ்சிக்குடிக்கு அங்கால் பழுதாகி நின்றால், நான் முதலில் செய்கிற வேலை இறங்கி எஞ்சினைப் பார்ப்பது இல்லை. சனத்தின் பக்கம் திரும்பி, இதுதான் பழுது, இவ்வளவு நேரம் செல்லும், நான் திரும்பி வந்து சொல்லுவேன் என்று சொல்வது. சொல்லாமல் நான் எஞ்சினுக்குள் தலையை விட்டால் பின்னால் கண்ணாடி உடையும். சனத்துக்குப் பஸ் நின்றதில் பாதிக் கோபம், ஒருவனும் ஒன்றும் சொல்லாததில் பாதிக் கோபம்.

அன்று ஒருவர் வெளியே வந்து, "உயிர் இருக்கு, நெஞ்ச அமத்துறாங்க, நிண்டு கொள்ளுங்க, திரும்பி வந்து சொல்லுவம்" என்று சொல்லியிருந்தால் நான் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு ஓதியிருப்பேன். யாரும் வரவில்லை. மீராசா மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து, "கத்தாதீங்க" என்றான். மிஸ், அல்லாஹ் அறிய அதுவரைக்கும் நான் கத்தவே இல்லை. அதற்குப் பிறகுதான் கத்தினேன். பின்னால் நின்ற சனம் என்னைவிடக் கூடக் கத்தியது. "என்ன மனிசன்டா நீ, வாப்பாவப் பாக்காம நிக்கிற" என்று ஒருவன் முதுகில் தள்ளினான். அப்போதுதான் கதவு திறந்து நீங்கள் வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது, வாப்பா போய்விட்டார் என்று. கலிமா இல்லாமல் போய்விட்டார் என்று. "உங்கட வாப்பாக்கு" என்றீர்கள். மிச்சத்தை எனக்குக் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அவ்வளவுதான். உங்களுக்கு அடித்தது பிழை. ஆனால் என் வாப்பா மீராமுகைதீன், பள்ளியில் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைத்தவர், முதல் வரிசையில் தொழுகையில் விழுந்தவர், ஒரு பூட்டிய அறையில் ஊசிக்கும் குழாய்க்கும் நடுவில் கலிமா கேட்காமல் போனார். அதை எந்தக் கோர்ட்டும் எனக்குத் திருப்பித் தராது. நீங்களும் தர முடியாது.

சாலிஹ்


மருதமுனை
24.07.2009

சாலிஹ் அவர்களுக்கு,

பஸ் கதை நன்றாக இருக்கிறது. உங்கள் பஸ்ஸில் யாரும் செத்துக்கொண்டிருப்பதில்லை. எஞ்சினுக்குள் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து சனத்துக்குக் கதை சொல்லுங்கள் பார்ப்போம். அதோடு, சனத்தை எப்படி ஆற்றுவது என்று இவ்வளவு தெரிந்த நீங்கள்தானே அடித்தீர்கள்? ஆனாலும் "கத்தாதீங்க" என்றது பிழை. மீராசாவிடம் கேட்டேன். சொன்னதாக ஒப்புக்கொண்டான். அது எங்கள் பிழை, எழுதி வைக்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். இதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். உங்கள் கடைசிப் பந்தியைப் படித்தபிறகு அடக்க முடியவில்லை.

நான் எதற்கு வெளியே வந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் வாப்பாவின் தலைமாட்டில் நின்றது நான். முகத்தில் முகமூடியைப் பிடித்து மூச்சுப் பையை அமத்தியது நான். டொக்டர் நெஞ்சை அமத்தி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணி முடித்து மூச்சுக்காக விடுகிற இடைவெளியில், பையை அமத்திவிட்டுக் குனிந்து, உங்கள் வாப்பாவின் வலது காதில் லா இலாஹ இல்லல்லாஹ் முஹம்மதுர் ரஸூலுல்லாஹ் என்று சொன்னேன். ஒரு தரமல்ல. ஒவ்வோர் இடைவெளியிலும் சொன்னேன். டொக்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் சொல்லி முடிக்குமட்டும் ஒரு கணம் பொறுத்துத்தான் திரும்ப அமத்தினார். அந்தச் சிங்களவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்று எழுதினீர்கள்.

என் தம்பிக்கு நான் சொல்லவில்லை. என் கையால் மூடிய எத்தனையோ பேருக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அதனால் சுனாமிக்குப் பிறகு என் கையில் போகிற எந்த முஸ்லிமையும் நான் சும்மா போகவிட்டதில்லை. யாருக்கும் இதைச் சொன்னதுமில்லை, இது என் டியூட்டிப் பட்டியலில் இல்லாத வேலை.

"உங்கட வாப்பாக்கு நான் கலிமா சொல்லிக் குடுத்திட்டன்." இதுதான் முழு வசனம். மரணச் செய்தியை டொக்டர்தான் சொல்ல வேண்டும். நான் அதற்கு முந்தி ஓடிவந்தது இதைச் சொல்ல. மகன் வெளியே இதைக் கேட்டுத்தான் கதவைத் தட்டுகிறான் என்று எனக்குக் கேட்டது. அப்போது எனக்கு இரண்டு காதும் கேட்கும்.

இரண்டு சொல் வந்தது. மிச்சத்தை உங்கள் கை சொல்லவிடவில்லை.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்டீர்களா? மூன்று கடிதம் எழுதினீர்கள். கதவு, மீராசா, உங்கள் நிய்யத்து, உங்கள் பஸ். வாப்பாவின் கடைசி நேரம் எப்படி இருந்தது, பக்கத்தில் யார் நின்றது என்று ஓரிடத்திலாவது கேட்டீர்களா? அடித்தபோதும் கேட்கவில்லை, எழுதியபோதும் கேட்கவில்லை. கோபத்தில்தான் வைத்திருந்தேன். என் காதை எடுத்தவனுக்கு நான் ஏன் ஆறுதலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? எரியட்டும் என்று விட்டேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நபீலா


சாய்ந்தமருது
02.08.2009

நபீலா மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று பள்ளிக்குப் போய் வாப்பா விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. இப்போது பாங்கு சொல்கிற மோதினார் வந்து தண்ணீர் தந்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

என் வாப்பாவுக்குக் கலிமா சொன்ன ஆளுக்கு நான் அடித்திருக்கிறேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்றுவரை சரியாகக் கதைக்கவில்லை. அவள் செய்வது நியாயம்.

நீங்கள் கையொப்பமிட வேண்டாம். லோயரிடம் சொல்லிவிட்டேன், தவணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். நம்பிக்கையாளர்கள் என்னை மடையன் என்கிறார்கள். சொல்லட்டும். வேலை போனால் வேறு வண்டி ஓட்டலாம்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி நின்று சொல்லப் போகிறேன். அன்று என்னோடு வந்து வாசலில் நின்ற அதே ஆட்களுக்கு. அந்தப் பிள்ளை எதற்கு வெளியே வந்தது என்று. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் பேரைச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியது சரி, நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். கேட்கிற உரிமை இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். நீங்கள் சொன்னபோது வாப்பாவின் உதடு அசைந்ததா?

சாலிஹ்


மருதமுனை
14.08.2009

வயதில் மூத்த சாலிஹ் காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. முகமூடி மூடியிருந்தது. உங்களை ஆற்றுவதற்காக அசைந்தது என்று எழுதலாம், பொய் சொல்ல வரவில்லை. ஆனால் காது மூடியிருக்கவில்லை. மனிசனுக்குக் கடைசியாகப் போவது கேட்கிற சக்திதான் என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜும்ஆவில் நீங்கள் எழும்பிப் பேசியதைக் கேள்விப்பட்டேன். என் பேரையும் சொன்னீர்களாம். நான் விருப்பம் தெரிவிக்கவே இல்லையே, அதற்குள் என்ன அவசரம்? கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுக்கிற பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. அன்று "விடு மனே" என்ற பெரியவர் அழுதாராம். அழட்டும்.

போன புதன்கிழமை அவசரப் பிரிவில் ஆள் போதாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அறுவடை வயலில் உழவு இயந்திரம் புரண்டு அடியில் அகப்பட்ட ஒரு பொடியனைத் தம்பிலுவில் பக்கம் இருந்து கொண்டுவந்தார்கள். நிரோசன் என்று பேர். லொறி நிறையச் சனம் வந்தது. அவனுடைய அண்ணன் தனுசன், உடம்பு முழுக்கச் சேறு, மீராசா கதவைச் சாத்தப் போகும்போது காலை வைத்துத் தடுத்துக்கொண்டு நின்றான். கை முறுக்கியிருந்தது. என் நெஞ்சில் இருந்த பேர்ப்பட்டியைப் பார்த்தான். அவர்கள் தமிழ் ஆட்கள், நான் முஸ்லிம் நேர்ஸ். அந்தக் கதவு சாத்தியிருந்தால், அதற்குப் பிறகு அந்தப் பொடியனுக்கு ஒன்று நடந்திருந்தால், அது எங்களோடு முடிந்திருக்குமா, ஊர்ச் சண்டையாகிச் சந்திவரைக்கும் போயிருக்குமா என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒளிக்கவில்லை. பக்கவாட்டில் நின்றேன், கை எட்டாத தூரத்தில். பயிற்சிக்காரரை எவ்வளவு ஏசினேன், கடைசியில் அந்த மனிசன் சொன்னதுதான் காலுக்கு வந்தது. சத்தத்தைக் குறைத்து, "தனுசன், தம்பிட நெஞ்ச அமத்துறம். துடிப்பு இன்னும் வரல்ல. நீங்க ஒராள் மட்டும் உள்ள வாங்க, தலைமாட்டுல நில்லுங்க. உங்கட சாமியச் சொல்லுங்க. எங்கட கையில முட்டாதீங்க" என்றேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். நிரோசனுக்கு உயிர் வரும் என்று சொல்லவில்லை.

கை விரிந்ததைப் பார்த்தேன். வந்து தலைமாட்டில் நின்றான். சட்டைப் பையில் இருந்து திருநீறு எடுத்துத் தம்பியின் நெற்றியில் பூசினான், அரைவாசி என் கையில் கொட்டியது. குனிந்து காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். வெளியே நின்ற சனத்துக்கு மீராசா இடைக்கிடை போய்ச் சொன்னான். கத்தாதீங்க என்று சொல்லவில்லை.

பொடியன் போய்விட்டான். தனுசன் நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு எழும்பி வெளியே போய்த் தானே தன் ஆட்களுக்குச் சொன்னான். ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒருவருக்கும் அடி விழவில்லை. உறவினரை எப்படி உள்ளே விட்டாய் என்று மேட்ரன் என்னை ஏசினா. ஒராளை விடுவதென்று எழுத்தில் தாங்க, இல்லாவிட்டால் அந்த வாசலில் நீங்க வந்து நில்லுங்க என்று சொன்னேன். இப்போது அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோசமென்று நினைக்க வேண்டாம், எனக்கு ஆத்திரம். இது மே மாதத்திலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கலாம். என் காது போய்த்தான் தெரிய வேண்டுமா?

வழக்கு. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. நான் கையொப்பமிட்டுவிட்டேன். ஆனால் முதல் கடிதத்தில் அல்ல. அந்தச் சம்பவக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஜூன் 29இல் நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான் லோயரிடம் கொடுத்திருக்கிறேன். "நான் உங்களுக்கு அடித்தேன்" என்று உள்ளதே, அது. கோர்ட்டில் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடியும்வரை நீங்கள் எழும்பி நிற்க வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று இதற்குப் பொருள் இல்லை. அது வரும்போது வரும். வராமலும் போகலாம்.

நோன்பு வருகிறது. வேலை திரும்பக் கிடைத்தால், பஸ்ஸில் நோன்பாளிகளை ஏற்றிக்கொண்டு பறக்காமல் நிதானமாக ஓட்டுங்கள். என்றாவது யாரையாவது தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வர நேர்ந்தால், நான் அங்கேதான் நிற்பேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், பதில் சொல்லுவேன். வலது பக்கமாக வந்து நின்று கேளுங்கள். இடது பக்கம் கேட்காது.

நபீலா